நாற்பத்தோராவது ஒற்று

கதை திரும்பி வந்தது.
கடைசித் தாளின் பின்பக்கம், பச்சை மையில்:
"ஒற்றுப்பிழை நாற்பத்தொன்று. திருத்தி அனுப்புக."
நல்ல கதையா, கெட்ட கதையா
அதைப்பற்றி ஒரு சொல் இல்லை.

மத்திய வீதியில்
பழைய புத்தகம் நிறுத்து விற்கிற கடையில்
இலக்கணம் இருநூறு கிராம் இருந்தது.
அட்டை இல்லை. அணியியலை யாரோ
கிழித்துக்கொண்டு போயிருந்தார்கள்.
எழுத்தும் சொல்லும் மிச்சம்.

டொக்யார்ட் வீதியில் எனக்கு வேலை.
போட்டோக்கொப்பி, தட்டச்சு, லமினேட்டிங்.
ஆள் வராத மத்தியானங்களில்
மெஷின் சூட்டுக்கு முதுகைக் கொடுத்துப் படித்தேன்.
வலி மிகும் இடங்கள். வலி மிகா இடங்கள்.
வலி என்றது வல்லினத்தை என்று விளங்க
இரண்டு பக்கம் ஆனது.

பிறகு ஊர் முழுக்கப் பிழையாய்த் தெரிந்தது.
கருவாட்டு கடைக்கு ஒரு க்,
பேருந்து தரிப்பிடத்துக்கு ஒரு த்,
மனசுக்குள் போட்டுக்கொண்டே நடந்தேன்.
கடல் கரையோடு சேர்ந்தால் ல் போய் ற் வரும்.
படையோடு சேர்ந்தாலும் அதே ற்.
புத்தகத்துக்கு இரண்டும் ஒரே விதி.
டச்சுக்குடாவில், முட்கம்பிக்கு இந்தப் பக்கம் நின்று
இரண்டையும் சொல்லிப் பார்த்தேன்.
நாக்குக்கும் ஒன்றுதான். எனக்குத்தான் இல்லை.

ஈறுகெட்ட எதிர்மறைப் பெயரெச்சம்
(யாரையாவது ஏச வேண்டுமென்றால் நல்ல சொல்)
இருந்த தாளை பஸ் ஸ்டாண்டில்
ஒரு மான் தின்றுவிட்டது.
பாதியைத்தான் பறிக்க முடிந்தது.
உதாரணம் நானே எழுதிவைத்தேன்:
பேசாத் தோழி.

மூன்று கிழமையில் நாற்பது பிடித்தேன்.
ஒவ்வொன்றுக்கும் சிவப்புப் பேனையில் ஒரு புள்ளி.
நாற்பத்தொன்றைக் காணவில்லை.
முன்னிருந்து பின், பின்னிருந்து முன்,
கடைசியில் எழுத்தெழுத்தாய்.
ஆசிரியர் எண்ணியதில் பிழை என்று
படுத்தும் பார்த்தேன்.

என் கதையில் இரண்டு பெண்கள்.
ஒரே கடை, பக்கத்துப் பக்கத்து மேசை.
ஒருத்தி கிண்ணியா பஸ்ஸில் வருவாள்.
ஏழாம் பக்கம் இப்படிப் போகும்:
"ஒருநாள் லாச்சிப் பூட்டு உடைந்தது.
அவளுடைய கொப்பி வெளியே வந்தது.
பிறகு இருவருக்கும் பேச்சு நின்றது."

தன்வினை, பிறவினை
பாடம் அன்றிரவுதான் வந்தது.
உடைந்தது என்றால் தானாக.
உடைத்தாள் என்றால் ஆள் உண்டு.
நடுவில் ஒரு மெல்லினம்,
அதைத் தூக்கிவிட்டு வல்லினம் வைத்தால்
வாக்கியத்துக்குள் ஒருத்தி வந்து நிற்கிறாள்,
கையில் கத்தரிக்கோலோடு.

ரிஸ்மியா,
பூட்டு உடையவில்லை.
உன் கொப்பியில் இருந்த ஒரு வரி,
"பாலம் வந்த பிறகுதான் அக்கரை தூரமானது",
என் கதைக்குள் வந்துவிட்டது.
பார், இப்போதும் வந்துவிட்டது என்கிறேன்.
நாற்பது பிழையில் ஒன்றுகூட
அந்த வரியில் இல்லை.

ஏழாம் பக்கத்தில் ந் வெட்டி த் போட்டேன்.
அது போட்டதும் முடிவு மாறியது,
து போய் ஏன் வந்தது: உடைத்தேன்.
நின்றது, நிறுத்தினேன் ஆனது.
உன் வரியை எடுத்தேன். அந்த இடத்தை
வெற்றாய் விட்டிருக்கிறேன்.

கதை ஆசிரியருக்குப் போகவில்லை.
உறையில் உன் விலாசம் எழுதி,
பெரிய கிண்ணியா வரை எழுதி,
முத்திரை ஒட்டாமல் மூன்று நாள்
மெஷினுக்கு மேலே கிடக்கிறது, சூடாக.

திருத்தினேன் என்று எழுத முடிகிறது.
அந்தச் சொல்லின் ஒற்றை மாற்றத்தான்
இன்னும் கை வரவில்லை.